பாதி அலகு

கணவாய் மீன் செத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே மிஞ்சாது. எலும்பில்லாத உடம்பு, கடலே தின்று ஏப்பம் விட்டுவிடும். கிளிமூக்கு போன்ற அலகு மட்டும் எப்போதாவது கல்லாகிக் கிடைக்கும். அப்படி அருங்காட்சியகத்தின் பழைய இழுப்பறையில் கிடைத்த ஒரு அலகை வைத்துக்கொண்டுதான், டைனோசர் காலத்துக் கடலில் பேருந்து நீளத்துக்கு ஒரு கணவாய் திரிந்தது என்று ஒற்றைக்காலில் நின்றாள் அந்த ஆராய்ச்சிக்காரி.

எதிர் அறையில் அவளுடைய அக்கா கணவர். அவருக்கும் இதே வேலைதான். எலும்பில்லாத பிராணிக்கு முதுகெலும்பு வரைகிறாள் என்று தேநீர் நேரத்தில் யாரிடமோ சொல்லிவைத்தார். அது நாலு வாய் மாறி அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டு விசேஷங்களில்கூட இருவருக்கும் பேச்சில்லை. அக்காதான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள்.

மாநாட்டு நாள் வந்தது. பல ஊர்களிலிருந்தும் அறிஞர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்று சொதப்பினால், இனி அவள் எந்தக் கல்லை எடுத்துக் காட்டினாலும் சபை சிரிக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பேச்சு தொடங்கச் சற்று முன்பு அத்தான் அவள் அறைக்குள் வந்தார். திரையை இழுத்து மூடி, கையிலிருந்த புற ஊதா விளக்கை அலகின் மேல் பிடித்தார். நுனியிலிருந்த நிஜக் கல் இருண்டு கிடக்க, அகன்ற பின்பாதி முழுக்க நீலமாகப் பளிச்சிட்டது. ஒளிர்வது பசையும் சாந்தும். எந்தக் காலத்திலோ யாரோ உடைந்த அலகைப் பெரிதாக ஒட்டி, நிறமும் பூசியிருக்கிறார்கள். ஒட்டு வேலை இருக்கிறதா என்று முதலில் விளக்கடித்துப் பார், அப்புறம் அளவெடு என்று பயிற்சிக்கு வருகிறவர்களைக் கரித்துக்கொட்டுகிறவள் அவள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, நேரே அளவுகோலை எடுத்துவிட்டாள்.

பேருந்து ஒரு நொடியில் சைக்கிளாகிவிட்டது. அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சபையிலேயே கேட்டிருக்கலாமே அத்தான். மானம் கப்பலேறியிருக்கும்."

"அதுக்காக வரலம்மா." அவர் விளக்கை அணைத்தார். "நேத்து நீ பேசிப் பாத்துட்டு இருந்தப்ப கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே ஆசை வந்துடுச்சு. உண்மையா இருக்கணும்னுதான் விளக்கு கொண்டு வந்தேன்."

இத்தனை மாதம் வாய்க்கு வந்தபடி இவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவளைக் குத்தியது.

மேடையேறி, அந்த விளக்கொளியில் அவசரமாக எடுத்த படத்தையே முதலில் போட்டு, நீலமாக ஒளிரும் அலகைக் காட்டினாள். பாதி சாந்து என்றாள். சபையில் சலசலப்பு எழுந்தது, இரண்டொருவர் சிரிக்கவும் செய்தார்கள். இதைக் கண்டுபிடித்தவர் தன் அத்தான் என்றும், யாருமே இவ்வளவு அக்கறையோடு தன்னைச் சந்தேகப்பட்டதில்லை என்றும், அதற்கு வாழ்நாளெல்லாம் நன்றிக்கடன் பட்டிருப்பதாகவும் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

முன்வரிசையில் அத்தான் கையை உயர்த்தினார்.

"சாந்து போக மிச்சம் இருக்கிற அந்த நுனி, அது எந்தப் பிராணியோடது?"

"தெரியல அத்தான்," என்றாள் அவள். "நமக்குத் தெரிஞ்ச எதோடயும் ஒத்துப்போகல. நீங்களும் வாங்களேன், சேர்ந்தே தேடலாம்."