கொக்கி வைத்த கத்தி

வாட்ச்மேன் மூக்கையா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அறைக்குள் வந்ததுமே முதலாளி சண்முகவேல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மூக்கையாவின் கையில் துணி சுற்றிய நீள மூட்டை. சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கும்பிடப் போனவர் இன்று காலையில்தான் திரும்பியிருந்தார்.

சண்முகவேலின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில் பதினேழு பயோனெட்டுகள். துப்பாக்கி முனையில் மாட்டுகிற பட்டாளத்துக் கத்திகள், எல்லாம் நூறு வருஷத்துச் சாமான். பனியன் ஏற்றுமதி பண்ணுகிறவருக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று மனைவி வினிதா கேட்காத நாளில்லை. ஆர்டர் கொடுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்குகிற மனுஷன் அவர்.

வினை ஆயுத பூஜையன்று வந்தது. கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை வைத்தார், டெய்லர்கள் மிஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். மூக்கையா, முதல் உலகப் போரில் பஸ்ரா வரை போய்ச் சண்டை போட்ட தன் தாத்தாவின் கத்தியை உறை பிரித்து வைத்தார். கைப்பிடிக்கு மேலே வளைந்த கொக்கி ஒன்று. சண்முகவேலுக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்த ரகத்தில் கொக்கியைப் பட்டாளத்திலேயே பிற்பாடு அறுத்துவிட்டார்கள். கொக்கியோடு கிடைப்பது லேசில்லை.

"துரு ஏறியிருக்குதுங்க. நான் சுத்தம் பண்ணித் தாரனுங்க" என்று வாங்கினார். நாலு நாளில் கொடுத்தது தன்னிடமிருந்த கொக்கியில்லாத ஒன்றை; கொக்கி வைத்தது அலமாரிக்குள் போய்விட்டது. அதே நீளம், அதே மரப்பிடி. சந்தனம் பூசி, மஞ்சள் துணியில் இறுக்கிச் சுற்றி, நூலும் கட்டிக் கொடுத்தார். இனி சிவராத்திரிக்குத்தான் பிரிப்பார்கள் என்று நைசாக விசாரித்து வைத்திருந்தார். கேட்டால், கொக்கி துருவில் இற்று விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் தினமும் முருகன் வேலுக்குத் திருநீறு வைத்துவிட்டுக் கம்பெனிக்கு வருகிறவர் செய்த காரியம் இது.

மூக்கையா மூட்டையை மேசையில் வைத்தார்.

"மாறிப்போச்சு போலங்கய்யா. ஒங்ககிட்ட இதே சாடையில நெறய இருக்குல்ல. துணி சுத்துற அவசரத்துல கை மாறியிருக்கும்."

சண்முகவேல் தயாராக வைத்திருந்த பொய்க்கு வேலையே இல்லை. தப்பித்துக்கொள்ள வழியையும் அந்த மனுஷனே போட்டுக் கொடுக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எலுமிச்ச மாலைய அந்தக் கொக்கியிலதேன் மாட்டுவோம். மாட்ட எடமில்லாம எந்தங்கச்சி அழுதுருச்சு. மொதலாளிகிட்ட பத்தரமாத்தேன் இருக்கும்னு சொல்லித் தேத்திட்டு வந்தேன்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பவேயில்லை. உள்ளே வரும்போதே பார்த்திருப்பார்.

"பாக்கறனுங்க" என்றார் சண்முகவேல்.

மூக்கையா சட்டைப் பையிலிருந்து நூலில் கோத்த ஒற்றை எலுமிச்சம்பழத்தை எடுத்து மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். "அதுவரைக்கும் இத மட்டும் அதுல மாட்டி விடுங்கய்யா. சாமி வெறுமனே இருக்கு." செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

சண்முகவேல் அலமாரியைத் திறந்தார். பாலிஷ் போட்டுப் போட்டு, சந்தனத்தின் வாசனைகூட இல்லாமல் பளபளத்தது கத்தி. எலுமிச்சம்பழத்தின் நூல் கொக்கியில் சிக்கென்று உட்கார்ந்தது. மூக்கையாவைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. துணி சுற்றத் தெரிந்த கைதானே.

மூட்டையிலிருந்து மஞ்சள் துணியை உருவி எடுத்தார். சுற்றாமல் அதை மேசையிலேயே போட்டார். செருப்பைக் கழற்றினார். கத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அறுபது மிஷின் ஓடுகிற ஹாலுக்குள் வெறுங்காலோடு இறங்கினார். முதல் மேசையில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த மூக்கையாவின் மனைவி ஒச்சம்மாள் தலை நிமிர்ந்தாள். அவள் பார்வை கொக்கியில் ஆடிய எலுமிச்சம்பழத்தில் போய் நின்றது. கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்தாள். பக்கத்தில் ஒரு மிஷின் நின்றது. பிறகு இன்னொன்று.