பூசை முறை வந்த வீடு

இப்போதெல்லாம் வீட்டுப் பூசை தங்கள் முறைக்கு வருகிறதென்றால் ஜனங்களுக்குச் சரியாக அந்த மாதம்தான் முதுகு பிடித்துக்கொள்கிறது. கடற்கரைச் சாலையில் ஒன்பது வீடுகள். செப்டம்பருக்குச் செப்டம்பர் ஒரு வீட்டில் பாதிரியார் வந்து பூசை வைப்பார், அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். போன வருஷம் முறை வந்தவன் ஸ்பெயினில் இருக்கும் மகளிடம் ஓடிவிட்டான். அவனைத் திட்டிக்கொண்டே பார்ட்லி கீவன் ஏணியில் நின்று கதவு நிலைக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தொன்று.

கீழே ஏணியைப் பிடித்திருந்த டீலியா, நண்டுக் கொட்டகையில் அவரோடு ஒரே மேசையில் நண்டுக்கால் உடைப்பவள்.

"ஏன்யா, வீட்டுக்காரி வெக்க வேண்டிய பூசை இது. வாடகைக்கு இருக்கற உனக்கு என்ன வந்துது?"

"முறை வீட்டுக்குத்தான், ஆளுக்கில்ல. பதினோரு வருஷமா இந்த அடுப்புல கரி அள்ளிப் போடறது யாரு, அவளா?"

அவருக்கு வேறு நினைப்பும் இருந்தது. பழைய வீட்டுக்காரர் செத்து, வீடு மகள் கிரான்யா கைக்கு வந்து இரண்டு வருஷம். கால்வே நகரத்தில் இருக்கும் அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பூசைக்குக் கூப்பிட்டால் வருவாள். வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்தால் இன்னும் பத்து வருஷம் பேசாமல் விட்டுவிடுவாள். குளிர்காலத்தில் ஊரில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும்; வாடகைக்குக் கேட்டால் ஒன்று கிடையாது. எல்லாம் கோடைக்கு வருகிறவர்களுக்கு.

மூன்று வாரம் வேலை. ஈரம் பூத்த சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார். ஜன்னலில் உளுத்த மரத்தை வெட்டிப் புதிது வைத்தார். கூரையில் நாலு ஓடு மாற்றினார். கடைசியாக வாசலுக்கு உள்ளே, கையெட்டும் உயரத்தில், உள்ளே வருகிறவர்கள் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ள அம்மா வைத்திருந்த பீங்கான் தீர்த்தக் கிண்ணத்தைச் சிமென்ட் வைத்துப் பதித்தார். இனி அசையாது.

கிரான்யா வந்தாள். சமையலறை மேசைமேல் பூசை நடந்தது. பிறகு பன்றித் தொடைக்கறி, சோடா ரொட்டி. டீலியா தேநீர் ஊற்றினாள். கிரான்யா நன்றாகவே சாப்பிட்டாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் படம் பிடித்தாள். ஜன்னலோரம் நின்று கடலையும்.

"அப்பா இருந்தப்பகூட வீடு இவ்ளோ அழகா இல்ல பார்ட்லி."

அவர் டீலியாவைப் பார்த்தார். பார்த்தாயா என்பது போல.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. எழுத்தையும் நம்பாமல் தன் கண்ணையும் நம்பாமல் டீலியாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். கிரான்யாவின் மகன் குடிவரப் போகிறான், மே பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும். சட்டப்படி கொடுக்க வேண்டிய நாளெல்லாம் குறைவில்லாமல் கொடுத்திருந்தாள். போனில் கேட்டபோதும் அவள் குரல் உயரவில்லை, தேதியும் மாறவில்லை.

குளிர்காலம் முழுக்க வீடு தேடினார். மே மாதம் நண்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்ற, சக்கரம் வைத்த பழைய வண்டிவீட்டுக்குப் போனார். உள்ளே படுத்தால் கால் நீட்ட முடியாது. மழை பெய்தால் தலைமாட்டில் வாளி வைக்க வேண்டும். கிண்ணத்தை மட்டும் அன்று பெயர்க்க முடியவில்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை உளியோடு போனார். வாசலில் இரண்டு கார்கள். நீல நிலையில் எண் பூட்டுப் போட்ட சாவிப்பெட்டி ஒன்றைத் திருகியிருந்தார்கள். கிரான்யா அழுக்குப் படுக்கைவிரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"உன் மகன் எங்கம்மா?"

"ஆகஸ்ட்ல வரான். அதுவரைக்கும் சும்மா கெடக்க வேணாமேன்னு கோடைக்கு வரவங்களுக்கு விட்டிருக்கேன்."

"கிண்ணத்த எடுத்துக்கறேன். எங்கம்மாவோடது."

"அத எடுத்தா சொவரும் சேந்து வந்துரும் பார்ட்லி. வரவங்க மொதல்ல அதத்தான் படம் எடுக்கறாங்க. பத்திரமா இருக்கும், விடுங்க."

அப்போது கடலில் குளித்துவிட்டு ஒருவன் கால் மணலோடு உள்ளே வந்தான். பெரியவருக்குச் சிரித்தபடி வணக்கம் சொன்னான். கார் சாவியைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டு மாடிக்குப் போனான். பீங்கான் கணீரென்றது.

பார்ட்லி உளியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆகஸ்ட்ல," என்றார், அவளிடம் இல்லை. திரும்பிக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.