தறி ஷெட் பேச்சு

முதலியார்பேட்டை மில்லில் தறி ஷெட் ஆட்கள் வேலை நேரத்தில் குரல் எடுத்துப் பேசியதே கிடையாது. நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். மேஸ்திரியைத் திட்டுவது, சினிமாவுக்குக் கூப்பிடுவது எல்லாம் இப்படித்தான். கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாளிடம் தறிக்காரர் பக்கிரி கல்யாணப் பேச்சை எடுத்ததும் அப்படியே. அவள் மாட்டேன் என்றதை ஷெட்டே பார்த்தது. மறுவாரம் சரி என்றதையும் பார்த்தது.

எழுபத்தெட்டில் மில்லை மூடினார்கள். அதற்குள் தறிச் சத்தத்திலேயே பக்கிரியின் காது போய்விட்டிருந்தது. கன்னியம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. மனிதருக்கு அவ்வளவு வீம்பு. உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிச் சமாளிப்பார். முகம் காட்டாமல் யாராவது பேசினால் கோபித்துக்கொண்டவர்போல நகர்ந்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் ஏழு வருடம் மறைத்தார். தெருவில் அவருக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் பெயர்.

எண்பத்தைந்தில் மில்லை இடித்துவிட்டு அங்கே தொழிற்பேட்டை கட்டப்போவதாகச் சொன்னார்கள். இடிக்கும்போதே வாட்ச்மேன் வேண்டும், பழைய தொழிலாளிக்கே முதல் உரிமை என்றார்கள். கன்னியம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கிரி மறுபடியும் காக்கிச் சட்டை போட்டு, தலை நிமிர்ந்து அந்த கேட்டுக்குள் போகவேண்டும். அவள் சாமியிடம் கேட்டது இது ஒன்றுதான்.

ஆள் எடுக்க வந்த அதிகாரி வெற்றிலையை மென்றுகொண்டு, குனிந்த தலை நிமிராமல் கேள்வி கேட்கிறவர். அந்த உதட்டைப் படிக்க முடியாது. கன்னியம்மாள் அதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தாள். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள். அவர் கேட்டதை எல்லாம் அவள் சத்தமில்லாமல் உதட்டில் திருப்பிச் சொன்னாள். பக்கிரி அவளைப் பார்த்துக்கொண்டே கணீரென்று பதில் சொன்னார். அதிகாரிக்குத் திருப்தி.

"புகைபோக்கிய அடுத்த மாசம் இடிக்கிறோம். விழறதுக்கு முன்னாடி விசில் ஊதுவாங்க. கேட்டதும் உள்ள இருக்கிற ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு, நீங்க கடைசியா வரணும். செய்வீங்களா?"

கன்னியம்மாளின் உதடு நின்றுவிட்டது. பக்கிரி காத்திருந்தார். சொல்லுடி என்று புருவத்தால் கேட்டார். இடிக்கிற இடத்தில் கல் சுமக்கும் பெண்கள் அவள் கண்முன் வந்தார்கள். கடைசியாக உள்ளே நிற்கும் இவரும் வந்தார்.

"சார், அவுருக்குக் காது கேக்காது. சுத்தமா கேக்காது சார்" என்றாள், வாய் விட்டே.

அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார். பக்கிரியும் அவள் சொன்னதைப் படித்துவிட்டார்.

வெளியே வந்ததும், "நீ ஊமையாவே இருந்திருக்கலாம்" என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை வேறு யாருக்கோ போனது. அதன் பிறகு அவர் அவள் முகத்தை ஏறெடுத்தே பார்க்கவில்லை. தட்டில் சோறு வைக்கும் கையை மட்டும்தான் பார்த்தார். பார்க்காத மனிதரிடம் அவள் எப்படிப் பேசுவாள்? அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று அழுதாள்.

புகைபோக்கியைச் சாய்த்த அன்று மில் ஜனம் முழுக்கக் கடலூர் ரோட்டில் கூடியது. பக்கிரி எல்லோருக்கும் முன்னால் நின்றார். விசில் ஊதியது. கூட்டம் கலைந்து பின்னால் ஓடியது. அவர் ஒருவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கன்னியம்மாள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கோபமாகத் திரும்பியவர், சுற்றிலும் ஒரு ஆளும் இல்லாததைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"விசில் ஊதிட்டானா?"

"அப்பவே ஊதிட்டான். வாய்யா."

கூட்டம் நின்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்ததும் புகைபோக்கி விழுந்தது. வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. செங்கல் தூசி ரோடு வரைக்கும் வந்தது. காலுக்குக் கீழே மண் நடுங்கியபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கேக்கல, கன்னிம்மா" என்றார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "இதுகூட எனக்குக் கேக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தறியில் வருடக்கணக்காக வேலை செய்த தெய்வசிகாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றார். உதட்டை மட்டும் அசைத்தார்.

"எனக்குந்தான்யா."