முப்பத்தோராவது மணி

இன்குபேட்டரில் வைத்த தட்டுகளைச் சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். அந்த முறை பதினேழாவது மணியிலேயே வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. மீதி முப்பத்தொன்று.

எங்கள் ஆலையில் இருமல் மருந்து தயாராகிறது. தட்டில் கிருமி வளரவில்லை என்று ஆய்வுக்கூடம் எழுதித் தந்தால்தான் சரக்கு வண்டியேறும். ஆய்வுக்கூடத்தில் இரண்டே பேர்: அதிகாரியும் நானும். அதிகாரி சங்கத்தில் இல்லை.

சங்கத்தின் ஞாயிறு வகுப்பை நான்தான் எடுப்பேன், தரையைப் பார்த்துக்கொண்டே. ஒருமுறை மதத்தைப் பற்றிப் பேசும்போது, "சாமிக்குக் கூப்புற கை முதலாளிக்கும் கூப்பும்" என்றேன். எல்லோரும் சாமியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். சரக்கு வைக்கும் ஸ்டோரின் சாவி அவரிடம்தான் இருக்கும். தினமும் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு மூலையில் கும்பிடுவார். அன்று அவர் எழுந்து சொன்னார்:

"மேனேஜருக்கு மேல ஒருத்தர் இருக்கார்னு நெனச்சாத்தான் பாப்பா, எனக்கு அவன எதுத்துப் பேசவே வாய் வருது."

 குறிப்பேட்டில் 'பின்தங்கிய உணர்வு' என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை சரக்கு வெளியேறியது; ஆய்வுக்கூட அறிக்கையில் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன்பின் முதலாளி எங்களோடு பேசவே இல்லை. நான்காம் நாள் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பினோம். மூன்று பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை சங்க அறையில் நாற்காலி போதவில்லை. செயலாளர் ஒரு மெக்கானிக்; கையில் கிரீஸோடு வந்திருந்தார்.

"முந்தாநாள் நாலு மணிக்கு முக்காடு போட்ட ஒரு பொம்பள பின்வாசல் வழியா உள்ள போனத வாட்ச்மேன் பார்த்திருக்கான். அக்கா, அந்த அரை மணி நேரம் நீங்க எங்ககூட கேட்டுல இல்ல."

"கும்பிடப் போனேன் தம்பி."

"யார? மேனேஜரையா?" என்றார் பாய்லர் அண்ணன். சிரிப்பு எழுந்தது. "சாவி இவங்ககிட்ட. வேற யாரு தொறந்து விட்டிருப்பா? பாப்பா அன்னைக்கே சொல்லிச்சே. படிச்ச புள்ள சும்மா சொல்லுமா?"

என் காது சுட்டது.

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இருபத்திரண்டு வருஷம் சங்கத்துல இருக்கேன். என்னைத் தூக்கணும்னா தூக்குங்க. ஆனா நான் போகல."

"அக்காவை நீக்கச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் செயலாளர்.

கைகள் எழுந்தன. என் கை மடியிலேயே கிடந்தது. அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"தூக்கிடு பாப்பா. கூச்சப்படாத."

எழுந்தேன். முதன்முறையாகத் தரையைப் பார்க்காமல் பேசினேன்.

"அக்கா இல்ல. ஸ்டோர மேனேஜரே வேற சாவி போட்டுத் தொறந்திருப்பான். என்னை யாரும் கூப்பிடவும் இல்ல, மிரட்டவும் இல்ல. நேரம் தவறினா தட்டு வீணாயிடும், பாதியில விட்டா பாவம்னு தோணிச்சு. முக்காடு போட்டுக்கிட்டு உள்ள போய் எண்ணிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."