வாசலில் ஓர் ஒளிநூல்

சித்தேரி மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், பஞ்சாயத்து டெலிவிஷன் அறையைக் கூட்டிப் பெருக்குவது பாஞ்சாலியின் வேலை. துடைப்பத்தோடு உள்ளே நுழையலாம். படம் தொடங்கும்போது வெளியேறிவிட வேண்டும். காலனி மக்களுக்கென்று ஒரு சன்னல் விடப்பட்டிருந்தது. அதன் வழியே பார்த்தால் பெட்டியின் முதுகுதான் தெரியும். எதிர்ச்சுவரில் அலையும் நீல வெளிச்சம், அதில் நனைந்த பிறருடைய முகங்கள்: அவளும் அவள் தெருவினரும் கண்ட படம் அவ்வளவே.

அந்த நீலத்தைத்தான் அவள் கடலென்று எண்ணிக்கொள்வாள். கணவன் மாது மங்களூருக்கு வலை இழுக்கப் போய் ஒன்றரை ஆண்டாகிறது. கிளம்பிய அன்று சொன்னான்: "நம்ம சித்தேரி மலை மொத்தமும் படுத்துக்கிட்டு, தூக்கத்துல புரண்டா எப்பிடி இருக்கும்? அதாம்புள்ள கடலு." அன்று முதல் அவள் கனவுகளில் மலைகள் புரண்டன. ஒரே ஒருமுறை அவன் இருக்கும் கடலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

பக்கத்து ஊரில் டெலிவிஷன் பெட்டி களவு போனதும், தலைவர் தீர்த்தகிரி தருமபுரியிலிருந்து ரேடியோ மெக்கானிக் அப்துல் ஷுக்கூரைத் திருட்டு மணி பொருத்த வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் வாசலின் ஒரு பக்க நிலையில் பல்பையும் மறுபக்க நிலையில் கறுத்த கண் ஒன்றையும் பொருத்திக்கொண்டிருந்தார். பாஞ்சாலி பெருக்கினாள். எழுந்த புழுதியில், அதுவரை தென்படாத வெளிச்சம் இடுப்புயரத்தில் பொன்னிழையாகத் துலங்கியது. அவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"குறுக்கால ஆள் வந்தா மணி அடிக்கும்மா. விலகிட்டா நின்னுரும்," என்றார் ஷுக்கூர்.

"வர்றது யாருன்னு அந்தக் கண்ணுக்குத் தெரியுமா, பாய்?"

"அதுக்கு எல்லாரும் வெறும் நிழலு. இன்னிக்குப் படம் மீனவங்க கதையாம், தெரியுமா? பாதிக்கு மேல கடல்தானாம்."

அவள் நெஞ்சு ஒருமுறை புரண்டு படுத்தது.

அப்போது தீர்த்தகிரி உள்ளே வந்தார். மணி அலறியது. தோள்துண்டு நழுவ, ஒரு பக்கமாகத் துள்ளினார்.

"என்ன பாய், எனக்கே அடிக்குது! நம்மாளுங்களை விட்டுட்டு, அந்தத் தெருக்காரங்களுக்கு மட்டும் அடிக்கிற மாதிரி வைக்க முடியாதா?"

"சாதி பாக்குற கண்ணு இன்னும் கடைக்கு வரலீங்க தலைவரே. வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லியனுப்புவேன்."

"சரி, நம்மாளுங்க முன்னாடியே உக்காந்துருவோம். அதுக்கப்புறம் அடிச்சா யாருன்னு தெரிஞ்சுபோகும்," என்றார் தலைவர், பாஞ்சாலியைப் பார்த்தபடி.

படம் தொடங்கியது. வாசலுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றவளின் காதில் அலையோசை விழுந்தது. யாரோ பெயர் சொல்லி அழைத்ததைப் போல அவள் கால்கள் நகர்ந்தன. ஒளிநூல் அவள் இடுப்பில் அறுந்தது. மணி அலறிற்று. அத்தனை தலைகளும் திரும்பின. அவளுக்கோ அது கேட்கவே இல்லை. எதிரே, எல்லையில்லாத ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"ஏ பாஞ்சாலி, வெளிய போ! பாய், மெயினை அணைங்க!"

"அணைச்சா படமும் போயிருங்க தலைவரே. அந்தம்மா குறுக்க நிக்கிற வரைக்கும் மணி நிக்காது. ஒண்ணு வெளிய போகணும், இல்லன்னா உள்ள வரணும்."

வாய்க்கும் காதுக்கும் நடுவே மணிதான் இருந்தது. கதாநாயகனின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லும் எட்டவில்லை. முன்வரிசைச் சென்னம்மாள் பொறுமை இழந்தாள்.

"உள்ள வந்து உக்காந்து தொலையேண்டி! காது கிழியுது, கதையும் போகுது!"

பாஞ்சாலி துடைப்பத்தை வாசலுக்கு வெளியே சாய்த்து வைத்தாள். பிறகு ஓர் அடி, உள்நோக்கி.

மணி நின்றது. அவளுக்குப் பின்னால் வெளிச்சம் மீண்டும் நிலைக்கு நிலை ஒன்றுசேர்ந்தது. வந்தவளைப் பற்றி அந்தக் கண்ணுக்கு மேற்கொண்டு ஒரு புகாரும் இல்லை. தீர்த்தகிரி வாய் திறந்தார், "உஸ்ஸ்!" என்றது கூட்டம்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். நீலம் சுவரிலிருந்து இறங்கி அவள் முகத்திற்கு வந்தது. மலைகள் படுத்துக் கிடந்தன, புரண்டன, எழுந்தன. வலை இழுத்த முதுகுகளில் எது மாதுவுடையது என்று தேடினாள். பின்னால் மணி ஒரு கணம் ஒலித்து அடங்கியது. சன்னலிலிருந்து யாரோ வந்திருந்தார்கள். மறுபடியும் ஒலித்தது. மறுபடியும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொருவர் உட்கார, சற்றே நகர்ந்து இடம் விட்டாள்.