சூடு ஆறும் முன்

கழுத்து இன்னும் சூடாக இருந்தது, நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத அந்தக் கழுத்தை என் வீட்டுக்காரர் காத்தமுத்து தூக்கிப் பிடித்திருக்கிறார், தோகை தார்ச்சாலையில் விரிந்து கிடக்கிறது, அடித்த வண்டி தூரத்தில் புள்ளியாகிவிட்டது, இப்போதுதான் விடிகிறது, வேணாம்யா, மயிலு, கேசாயிரும் என்கிறேன் நான், செத்துக் கெடக்குறதுக்கு என்ன புள்ள கேசு, நானா அடிச்சேன் என்கிறார் அவர். எத்தனையோ தூக்கி வந்திருக்கிறார், முயல், கௌதாரி, வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், சூடு இருந்தால் துண்டில் சுருட்டிக்கொள்வார், ஆறியிருந்தால் காக்கைக்கு விட்டுவிடுவார். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் நாங்கள், சாலையோரம் தார்ப்பாய்க் கூடாரம், அந்த ஐப்பசி மழை மூட்டத்துக்குள் இறங்கிக் கரியெல்லாம் பாழானதும் முதலாளி இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார், மகள் வேம்புக்குக் காய்ச்சல், கஞ்சியைத் துப்புகிறாள், கறிச்சாறு வேணும்ப்பா, மொளகு போட்டு என்று அவரிடம்தான் கேட்டாள்.

இறகைப் புதைத்தோம், ஈர விறகு புகைகிறது, புகைக்குள் மிளகு வாசம், படுத்தே கிடந்தவள் தானாக எழுந்து உட்கார்ந்து வெந்துருச்சாம்மா என்கிறாள், அப்போதுதான் ஜீப் வந்து நின்றது, பின்னாலேயே ஒரு பைக், வனத்துறை ஆட்கள், வண்டி அடிச்சுப் போட்டதுங்கய்யா என்று கும்பிட்டார் அவர், எந்த வண்டி, நம்பரச் சொல்லுறா என்றார்கள், ஏற்றிவிட்டார்கள், ஜீப்புக்குள்ளிருந்து கத்துகிறார், புள்ளைக்கு ஊத்திக் குடு, ஆறிறப் போகுது. ஜீப் போனதும் பைக்கில் வந்தவர்கள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார்கள், புள்ளைக்கு ஒரு வாய் குடுத்துட்டு எடுத்துக்கங்கய்யா என்று காலைப் பிடித்தேன், இது சாட்சிம்மா, தொடக்கூடாது என்றார் ஒருவர், சட்டியின் வாயைத் துணியால் கட்டி எடுத்துப் போனார்கள், வேம்பு கிண்ணத்தை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் அவள் கண் மூடியபோது நானும் அவரைப் போலவே வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு இருக்கு தாயி, இன்னும் சூடு இருக்கு என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டுப் போர்வையை மேலே இழுத்தாள். பிறகு தூக்கமா விழிப்பா தெரியாத நாட்கள், அந்த பைக் முன்னால் போகிறது, சட்டி தளும்புகிறது, கிண்ணத்தோடு வேம்பு ஓடுகிறாள், நான் ஓடுகிறேன், சாலை முடியவில்லை.

ஜாமீனில் வந்தவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள், ஜெயில் வாசலில் என்னைப் பார்த்தும் அழவில்லை, கொஞ்ச தூரம் நடந்து வந்து, அன்னைக்குக் குடிச்சாளா என்றார். குடிச்சா என்றேன். நல்லாக் குடிச்சாளா. ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சா, மொளகு ஒறைக்குதுன்னா. அவர் தலையாட்டினார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், அப்புறம் பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டு வந்தார், நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் கூட்டிச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.