கழுவிக் கொடுத்த கிழங்கு

அந்தக் குடியிருப்பின் மாடித்தோட்டக்காரர்களிடையே எழுதப்படாத விதி ஒன்றுண்டு: செடி கொடுப்பவர் பூவின் அழகைச் சொல்லலாம், அதன் பழம்பெருமையைச் சொல்லலாம், விஷம் என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. முன்பொருமுறை யாரோ வாய்தவறிச் சொல்லப்போய், குடியிருப்புச் சங்கம் மறுநாளே அரளித் தொட்டிகளை ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்திவிட்டது.

தழல்போல் பூக்கும் செங்காந்தளை வளர்த்ததால் ‘காந்தளக்கா’ என்று பேர் வாங்கியவள், அந்த விதியை அணுவளவும் மீறியதில்லை. மூன்றாம் மாடித் தையற்காரி அவளிடம் விதைக்கிழங்கு கேட்டிருந்தாள். நேற்று கொண்டுபோனபோது தையற்காரி கடையில் இருந்தாள். அவள் கணவர்தான் பையை வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர், “என்னக்கா, அவிச்சா மாவா வருமா?” என்றார்.

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்றெண்ணிச் சிரித்துவைத்தாள். வராது என்றால் ஏன் என்பார்; ஏன் என்பதற்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு பதில் கிடையாது.

பை வந்ததை மனைவியிடம் சொல்லாமலே, இன்று காலை அவர் அவித்தேவிட்டார். மனைவி வீடு திரும்பியபோது வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தார், ‘கிழங்கு’ என்பதற்கு மேல் பேச்சில்லை.

மருத்துவமனை நடைக்கூடத்தில் தையற்காரி, கிழங்கு தெருவில் வரும் காய்கறி வண்டியில் வாங்கியது என்றெண்ணி, வண்டிக்காரரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அந்த மனிதரை இனி இந்தத் தெருவுக்குள்ளேயே விடப்போவதில்லை என்றாள். காந்தளக்கா தன் கைகளைப் பார்த்தாள். மண் ஒட்டியிருந்தாலாவது நடுவதற்கான கிழங்கு என்று தையற்காரியின் கணவருக்குத் தோன்றியிருக்கும். தன் தோட்டத்துப் பெருமை குறையக்கூடாதென்று கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்றல்லவா கொடுத்திருந்தாள்!

பக்கத்தில் நின்ற தோட்டக் குழுத் தலைவி அவள் முகத்தைப் படித்துவிட்டாள். “மூச்சு விடாதீங்கக்கா,” என்று காதோரம் சொன்னாள். “உங்க காந்தள் மட்டுமில்ல, எல்லார் தொட்டியும் கீழ போயிடும்.”

கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வந்தார். என்ன கிழங்கு என்று தெரியாமல் இருட்டில் துழாவுவதாகச் சொன்னார். மிச்சத் துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். தையற்காரி உதட்டைப் பிதுக்கினாள். தலைவியின் விரல்கள் காந்தளக்காவின் மணிக்கட்டை அழுத்தின.

காந்தளக்கா கையை உதறிக்கொண்டு முன்னே வந்தாள்.

“வண்டியில வாங்கினது இல்ல டாக்டர். அது செங்காந்தள் கிழங்கு. விஷம்.” கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் தையற்காரியைப் பார்த்தாள். “நான் குடுத்ததும்மா. விஷம்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். அவிக்கலாமான்னு அவர் கேட்டாரு. நான் சிரிச்சேன்.”